பகை நாடுகள் பகிர்ந்துகொண்ட ஒளி

ஜோர்டானின் தலைநகர் அம்மானிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் அல்லான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஒரு பெரிய கூடத்துக்குள், தடித்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால், 133 மீட்டர் சுற்றளவில் ஒரு உலோகக் குழாய் வளையமாக ஓடுகிறது. குழாயின் வழிநெடுக மின்காந்தங்கள். அவற்றில் 16 பெரியவை, எலக்ட்ரான்களை வளைப்பவை. இவை பிரிட்டனில் செய்யப்பட்டவை. எலக்ட்ரான் கற்றையைக் குவித்துக் கட்டுக்குள் வைக்கும் நான்முனைக் காந்தங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தன. அவற்றுக்கான சுருள்களைத் துருக்கியில் சுற்றினார்கள். குவிப்பில் நேரும் பிழையைத் திருத்தும் ஆறுமுனைக் காந்தங்களில் ஒரு பகுதி சைப்ரஸிலும் மறு பகுதி பாகிஸ்தானிலும் உருவாயின.

சைப்ரஸ் குடியரசு என்ற ஒன்று இருப்பதையே துருக்கி ஏற்பதில்லை. பாகிஸ்தான் இஸ்ரேலை அங்கீகரிப்பதில்லை. ஈரானும் அப்படித்தான். இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே நடப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த நாடுகள் அனைத்தும், கூடவே எகிப்தும் ஜோர்டானும், இந்த வளையத்தின் உரிமையாளர்கள். இதன் பெயர் செசாமி. மத்தியக் கிழக்கின் முதல் சின்க்ரோட்ரான் ஒளி ஆய்வகம் இது. ஆண்டுதோறும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரவு செலவைப் பார்க்கிறார்கள், இயந்திரத்தின் பழுதுகளைப் பேசுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். ஈரான் அரசின் பிரதிநிதியும் இஸ்ரேல் அரசின் பிரதிநிதியும் ஒரே நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் இடம் உலகில் வேறு எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு முன் இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், இத்தனை பகையையும் தாண்டி இவர்களை ஒன்றுசேர்த்ததில் நல்லெண்ணத்துக்கு இருந்த பங்கைவிட இந்த ஒளியின் தேவைக்கு இருந்த பங்கு பெரிது.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு. மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று திசை மாறும்போது ஆற்றலை ஒளியாக உமிழும். வேகம் குறைவாக இருந்தால் இந்த ஒளி நாலாபுறமும் மங்கலாகச் சிதறும். ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்டால் கதையே வேறு. ஈரக் குடையை வேகமாகச் சுழற்றினால் துளிகள் விளிம்பிலிருந்து நேர்கோட்டில் தெறிப்பது போல, ஒளி முழுவதும் எலக்ட்ரான் போகும் திசையிலேயே ஊசிமுனைக் கற்றையாகப் பாயும். செசாமியின் எலக்ட்ரான்களுக்கு 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒரு நொடியில் அவை வளையத்தை ஏறக்குறைய 22.5 லட்சம் முறை சுற்றுகின்றன. ஒரு வளைக்கும் காந்தத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அகச்சிவப்பு முதல் எக்ஸ் கதிர் வரை எல்லா அலைநீளங்களும் கலந்த ஒளியை வாரி இறைக்கின்றன. இப்படி இழந்த ஆற்றலை, வளையத்தில் பொருத்தப்பட்ட ரேடியோ அதிர்வெண் குடுவைகள் ஒவ்வொரு சுற்றிலும் திருப்பித் தருகின்றன.

ஒரு தடவை ஏற்றிய எலக்ட்ரான்கள் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பத்து மணி நேரம் சுற்றினால் அவை கடக்கும் தூரம் சுமார் 1,080 கோடி கிலோமீட்டர். நெப்டியூனுக்குப் போய்த் திரும்பினாலும் 900 கோடிதான் ஆகும். அவ்வளவு தூரப் பயணத்திலும் கற்றை அதன் பாதையை விட்டு விலகக் கூடாது. குழாய்க்குள் காற்றின் மூலக்கூறுகள் மிஞ்சியிருந்தால் எலக்ட்ரான்கள் மோதி வீணாகும். ஒரு காந்தம் இடம் பிசகியிருந்தால் கற்றை குழாயின் சுவரில் போய் முட்டும். பாகிஸ்தானில் செய்த காந்தமும் சைப்ரஸில் செய்த காந்தமும் ஒரே அச்சில் வார்த்தது போல் நடந்துகொள்ள வேண்டும் என்பது அரசியல் விருப்பமாகச் சொல்லப்பட்டதல்ல. அது கற்றையின் கட்டளை.

இந்த ஒளியை முதன்முதலில் கண்ணால் பார்த்தது 1947இல், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில். அன்றைய துகள் இயற்பியலாளர்களுக்கு அது ஒரு தொல்லை. முடுக்கி சேர்த்த ஆற்றலைத் திருடிச் செல்லும் ஓட்டை. பிறகுதான் அந்த ஓட்டையின் மதிப்பு தெரிந்தது. ஒரு புரதத்தில் அணுக்கள் எந்த ஒழுங்கில் அமர்ந்திருக்கின்றன, மண்ணில் கலந்த ஈயம் எந்த வேதிவடிவில் இருக்கிறது, ஆயிரமாண்டுப் பழைய எலும்பில் என்ன தனிமங்கள் படிந்திருக்கின்றன என்பவற்றையெல்லாம் இவ்வளவு நுட்பமாகக் காட்டும் வேறு ஒளி கிடையாது. இன்று உலகில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்க்ரோட்ரான் ஒளிமூலங்கள் இயங்குகின்றன. நம் நாட்டிலும் இந்தோரில் இண்டஸ்-2 என்ற வளையம் இருக்கிறது; அதன் ஆற்றலும் செசாமியைப் போலவே 250 கோடி எலக்ட்ரான் வோல்ட்தான்.

செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் வடிவைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மற்றொருவர் இஸ்ரேலின் அடா யோனத். இருவருக்கும் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. யோனத் தம் படிகங்களை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பல ஆண்டுகள் ஓர் ஆய்வுக் குழுவையே நடத்தினார். மத்தியக் கிழக்கில் எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் அன்று இதே நிலைதான். இஸ்ரேலியர் ஹாம்பர்க்குக்கோ பிரான்சின் கிரெனோபிளுக்கோ பறந்துவிடுவார். பாலஸ்தீன மாணவருக்கும் ஈரானிய ஆராய்ச்சியாளருக்கும் விசா கிடைப்பதே பெரும்பாடு. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

இந்த வட்டாரத்துக்கென ஒரு சின்க்ரோட்ரான் வேண்டும் என்று முன்பே சொன்னவர்களில் ஒருவர் பாகிஸ்தானின் அப்துஸ் சலாம். ஏழை நாட்டு விஞ்ஞானி தன் நாட்டை விட்டு ஓடாமலே உலகத் தரத்தில் வேலை செய்ய முடிய வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கவலை. அதற்காகவே 1964இல் இத்தாலியின் டிரியெஸ்ட்டில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். அவர் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் அரசியல் சட்டம் அகமதியர்களை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தது. 1979இல் நோபல் பரிசு பெற்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவரை அந்த நாடு தன்னவராகக் கொண்டாடத் தயங்கியது. மதப் பிளவு ஒரு விஞ்ஞானியின் வாழ்வை எப்படிக் கீறும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகளில், 1954இல், ஜெனீவாவில் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம் பிறந்தது. பன்னிரண்டு நாடுகள் சேர்ந்தன. சற்று முன்வரை ஒன்றையொன்று குண்டுவீசி அழித்துக்கொண்டிருந்த பிரான்சும் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் அவற்றில் அடக்கம். 1950இல் பிளாரன்ஸில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் அமெரிக்க இயற்பியலாளர் இசிடோர் ராபி கொண்டுவந்த தீர்மானம்தான் அதற்கு வித்து. படைத்துறைக்கான வேலை எதுவும் செய்யக் கூடாது, கண்டறிந்தவை அனைத்தும் வெளியிடப்பட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் செர்ன் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டன. எந்தத் தனி நாட்டாலும் கட்ட முடியாத கருவி, எல்லோருக்கும் வேண்டும், ஆயுதத்துக்கு உதவாது. இந்த மூன்றும் பொருந்தும் இடத்தில் பகை நாடுகள் கூடச் சேர்ந்து வேலை செய்யும் என்பதை ஐரோப்பா காட்டிவிட்டிருந்தது.

1990களில் செர்னில் வேலை செய்த இத்தாலியக் கோட்பாட்டு இயற்பியலாளர் செர்ஜியோ ஃபுபினியும், ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியேசர் ரபினோவிச்சியும் இந்த எண்ணத்தை மத்தியக் கிழக்கிற்குக் கொண்டுபோகலாமா என்று பேசத் தொடங்கினார்கள். இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனருக்கும் இடையே ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்த காலம். நம்பிக்கைக்கு இடமிருந்தது. 1995 நவம்பரில் எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், செங்கடல் ஓரத்து தஹாப் என்ற ஊரில், ஒரு பெரிய பெடூயின் கூடாரத்துக்குள் அரபு, இஸ்ரேலிய, ஐரோப்பிய இயற்பியலாளர்கள் கூடினார்கள். இரண்டு வாரம் முன்புதான், நவம்பர் 4 அன்று, இஸ்ரேல் பிரதமர் இட்ஸாக் ராபின் சமாதானத்தை எதிர்த்த யூதர் ஒருவரின் குண்டுக்குப் பலியாகியிருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த எகிப்தின் உயர்கல்வி அமைச்சர் வெனிஸ் கௌடா, எல்லோரையும் எழுந்து நின்று ராபினுக்கு மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். ஒரு அரபு நாட்டு அமைச்சர், அரபு விஞ்ஞானிகள் நிறைந்த கூடாரத்தில், இஸ்ரேலியப் பிரதமருக்காக. அங்கிருந்தவர்களில் யாரும் அதை மறந்திருக்க முடியாது.

நல்லெண்ணம் மட்டும் இருந்து என்ன செய்வது? கையில் ஒரு இயந்திரம் வேண்டும். அது பெர்லினிலிருந்து கிடைத்தது.

மேற்கு பெர்லினில் 1980களின் தொடக்கத்திலிருந்து பெஸ்ஸி-1 என்ற சின்க்ரோட்ரான் இயங்கிவந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு, பழைய கிழக்கு பெர்லின் பகுதியான அட்லர்ஷோஃபில் பெஸ்ஸி-2 எழுந்தது. பழையதை மூடிவிடத் தீர்மானித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இயந்திரம் பழைய இரும்பாகப் போகவிருந்தது. 1997இல் ஸ்டான்போர்டின் ஹெர்மன் வினிக்கும் ஹாம்பர்க்கின் குஸ்தாவ் அடால்ஃப் வாஸும் ஒரு யோசனை சொன்னார்கள்: அதைப் பிரித்து மத்தியக் கிழக்குக்குக் கொடுத்துவிடலாமே! ஜெர்மன் அரசு இலவசமாகவே தரச் சம்மதித்தது.

இதை நடத்திக் காட்டும் பொறுப்பு ஹெர்விக் ஷாப்பரிடம் வந்தது. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1924இல் பொஹீமியாவில் ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். போரில் ஜெர்மன் விமானப் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர். போருக்குப் பின் இயற்பியல் படித்துவிட்டு, 1950இல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் லிஸ் மைட்னரின் கீழ் வேலை செய்தார். மைட்னர் யார்? அணுக்கருப் பிளவு நடக்கிறது என்பதை முதலில் விளக்கியவர்களில் ஒருவர். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் 1938இல் உயிர் தப்ப பெர்லினை விட்டு ஓடியவர். ஹிட்லரின் படையில் சீருடை அணிந்திருந்த இளைஞரை அந்தப் பெண்மணி தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் செர்னின் தலைமை இயக்குநராகி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஷாப்பர் இஸ்ரேலியரையும் ஈரானியரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஊர் ஊராக அலைந்தார். இந்த வேலைக்கு அவரை விடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1999 ஜூனில் பாரிஸின் யுனெஸ்கோ தலைமையகத்தில் இடைக்கால ஆட்சிமன்றம் அமைந்தது. ஆய்வகம் எங்கே அமைவது என்ற கேள்வி எழுந்தபோது ஒரு நிபந்தனையில் ஷாப்பர் உறுதியாக நின்றார்: எந்த நாட்டு விஞ்ஞானியும் தடையின்றி வந்துபோகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஜோர்டான் ஒப்புக்கொண்டது. நிலமும் கட்டடமும் தந்தது. அல்லான், ஜோர்டான் நதியைக் கடக்கும் மன்னர் ஹுசைன் பாலத்திலிருந்தும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நதியின் அக்கரையிலிருந்து பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சாலை வழியே வந்துவிடலாம். 2002இல் பெஸ்ஸி-1இன் பாகங்கள் ஜோர்டான் வந்து சேர்ந்தன. 2004இல் செசாமி சட்டப்படி பிறந்தது. அதன் விதிகள் செர்னின் விதிகளைப் பார்த்து எழுதப்பட்டவை.

இங்கே ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார்கள். பெஸ்ஸி-1ஐ அப்படியே நிறுவியிருந்தால் சீக்கிரம் வேலை முடிந்திருக்கும்; அதன் 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கடினமான எக்ஸ் கதிர் கிடைக்காது என்பதுதான் சிக்கல். புரதப் படிகம், கனத்த தனிமங்கள் ஆகியவற்றை ஆராயக் கடின எக்ஸ் கதிர் அவசியம். இரண்டாம் தர இயந்திரத்துக்கு முதல்தர விஞ்ஞானிகள் வரமாட்டார்கள். ஆகவே பெஸ்ஸி-1 எலக்ட்ரான்களை முதற்கட்டமாக முடுக்கித் தள்ளும் வேலையை மட்டும் பார்க்கட்டும், மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் கொண்ட புது வளையத்தை நாமே கட்டுவோம் என்று தீர்மானித்தார்கள். அதனால் பல ஆண்டுகள் தாமதமாயிற்று. காசு பற்றாமல் திணறினார்கள். ஆனாலும் அது சரியான முடிவு. சமாதானச் சின்னமாக ஒரு காட்சிப்பொருளை வைத்திருந்தால் திறப்பு விழாவோடு அதன் கதை முடிந்திருக்கும்.

இயந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பே ஆட்களைத் தயார்செய்யத் தொடங்கியதும் அதே தெளிவில்தான். துருக்கியைச் சேர்ந்த உயிரியற்பியலாளர் ஸெஹ்ரா சயர்ஸ் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வட்டாரத்தின் இளம் விஞ்ஞானிகள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசிய ஆய்வகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். பயனாளர்கள் ஆண்டுதோறும் கூடினார்கள். இல்லாத இயந்திரத்துக்குப் பயனாளர் கூட்டமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கூட்டங்களில்தான் தெஹ்ரானும் கெய்ரோவும் ஜெருசலேமும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கக் கற்றன.

பிறகு 2010 வந்தது. ஜனவரி 12 அன்று தெஹ்ரான் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் மசூத் அலி முகமதி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, அருகே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் பொருத்திய குண்டு வெடித்து உயிரிழந்தார். நவம்பர் 29 அன்று மஜீத் ஷஹ்ரியாரி காரில் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு குண்டு. இருவரும் செசாமியோடு தொடர்புடையவர்கள். ஈரான் சார்பில் அதன் கூட்டங்களுக்கு வந்தவர்கள். அதே கூட்டங்களில் இஸ்ரேலியரும் உட்கார்ந்திருந்தார்கள். கொலைகளுக்கு இஸ்ரேலே காரணம் என்று ஈரான் குற்றம்சாட்டியது. இதற்குப் பிறகு ஈரான் செசாமியை விட்டு விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஈரான் விலகவில்லை. காலியான இருக்கைகளுக்கு வேறு பிரதிநிதிகளை அனுப்பியது.

செசாமியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் நடுத்தூண். நண்பர்கள் ஒத்துழைப்பதைப் பற்றி நூல் எழுத வேண்டியதில்லை. தோழரை இழந்தவர்கள், கொன்றதாகத் தங்கள் அரசு சுட்டும் நாட்டின் விஞ்ஞானியோடு அடுத்த கூட்டங்களிலும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அது மன்னிப்பா, பொறுமையா, பிடிவாதமா என்பதைத் தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை.

பணம் அடுத்த தலைவலி. 2012இல் ஈரான், இஸ்ரேல், ஜோர்டான், துருக்கி ஆகிய நான்கும் தலா 50 லட்சம் டாலர் கூடுதலாகத் தருவதாக ஒப்புக்கொண்டன. ஈரானிடம் மனமிருந்தும், அணுத் திட்டத்துக்காக அதன்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளால் வங்கி வழியே பணம் அனுப்ப வழியில்லாமல் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 50 லட்சம் யூரோ தந்தது. அதைக் கொண்டு செர்ன் முன்னின்று காந்தங்களைச் செய்வித்தது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன பாகிஸ்தான், சைப்ரஸ், துருக்கி ஆர்டர்கள் அப்போது கொடுக்கப்பட்டவைதான். ஐரோப்பிய நிறுவனங்களுக்கே எல்லாவற்றையும் தந்திருக்கலாம்; வேலை சுலபமாக முடிந்திருக்கும். உறுப்பு நாடுகளின் தொழிற்கூடங்களும் இந்த நுட்பத்தைக் கற்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே பிரித்துக் கொடுத்தார்கள். இத்தாலி பணமும் ரேடியோ அதிர்வெண் குடுவைகளும் தந்தது. பின்னால் விருந்தினர் இல்லத்துக்கும் உதவியது. வளையத்திலிருந்து ஒளியைச் சோதனைக்கு எடுத்துச் செல்லும் ஆய்வுத் தடங்களுக்கான கருவிகளில் சில ஐரோப்பிய ஆய்வகங்களில் ஏற்கெனவே உழைத்தவை.

2013 டிசம்பரில் ஜோர்டானில் அதுவரை காணாத பனிப்பொழிவு. பனியின் பாரம் தாங்காமல் செசாமியின் கூரை இடிந்து விழுந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. மறுபடி கூரை போட்டார்கள்.

மின்சாரக் கட்டணமும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. எகிப்திலிருந்து ஜோர்டானுக்கு வந்த எரிவாயுக் குழாய் 2011 முதல் பலமுறை தகர்க்கப்பட்டதால் ஜோர்டானில் மின்விலை ஏறிக்கொண்டே போனது. மின்காந்தங்களையும் குளிரூட்டும் கருவிகளையும் ஓயாமல் ஓட்டும் ஆய்வகத்துக்கு இது மூடுவிழா நடத்தும் அளவு செலவு. தீர்வு வானத்திலிருந்தே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஜோர்டான் 6.48 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டியது; 2019 பிப்ரவரியில் அது இயங்கத் தொடங்கியது. முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடும் உலகின் முதல் பெரிய முடுக்கி வளாகம் என்ற பெயர் செசாமிக்குக் கிடைத்தது. வறுமை கற்றுக்கொடுத்த இந்த வழியைப் பணக்கார ஆய்வகங்கள் இப்போது படிக்கின்றன.

அதற்கு முன்பே, 2017 ஜனவரி 11 அன்று எலக்ட்ரான் கற்றை முதன்முறையாகப் புது வளையத்தைச் சுற்றியது. மே 16 அன்று மன்னர் இரண்டாம் அப்துல்லா ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். தஹாப் கூடாரத்திலிருந்து 22 ஆண்டுகள். ஃபுபினி அதைக் காண உயிரோடில்லை. 2018இல் பயனாளர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்களில் சைப்ரஸ் குழு ஒன்றும் இருந்தது; அகழ்வில் கிடைத்த பழங்கால மனித எலும்புகளை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். எகிப்தைச் சேர்ந்த கிஹான் கமெல் பொறுப்பேற்ற அகச்சிவப்புத் தடத்தில் திசுக்களும் பழைய தோல் ஏடுகளும் ஆராயப்படுகின்றன. அகழ்வாய்வுச் செல்வம் கொட்டிக் கிடக்கும் நிலம் அது. ஒரு ஏட்டையோ பாண்டத்தையோ சுரண்டாமல், உடைக்காமல் அதன் உள்ளடக்கத்தை அறிய இந்த ஒளியைப் போல் உதவுவது வேறில்லை. மாசுபட்ட மண்ணும், மின்கலப் பொருட்களும், மருந்து மூலக்கூறுகளும் அதே தடங்களில் வரிசையில் நிற்கின்றன. 2022இலும் 2023இலும் புதிய தடங்கள் சேர்ந்தன.

ஒளி நேரம் கேட்டு விண்ணப்பிப்பவரின் ஆய்வுத் திட்டத்தை நிபுணர் குழு படித்து மதிப்பிடுகிறது. நல்ல கேள்விக்கு நேரம் கிடைக்கும். மோசமான கேள்விக்குக் கிடைக்காது. கேட்பவர் ஹைஃபாவா, இஸ்ஃபஹானா, ரமல்லாவா என்பது கணக்கில் வராது. அந்த வட்டாரத்தில் ஒரு மனிதனுக்கு ஊரும் மதமும் பார்க்காமல் கிடைக்கும் பொருள்கள் குறைவு. ஒளி அவற்றில் ஒன்றாக இருக்கிறது.

சரி, இதனால் சமாதானம் வந்ததா? வரவில்லை. 2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதன் பின் காசாவில் நடந்த பேரழிவும், 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் நேருக்கு நேர் மோதிய 12 நாள் போரும் நம் கண்முன் நடந்தவை. அந்தப் போரிலும் ஈரானிய அணு விஞ்ஞானிகள் கொல்லப்பட்டார்கள். செசாமி எதையும் தடுக்கவில்லை. தடுக்கும் என்று அதைக் கட்டியவர்கள் சொல்லவும் இல்லை. ஒரு முடுக்கியிடம் அமைதி ஒப்பந்தத்தை எதிர்பார்ப்பது, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஏன் ஊரில் குற்றம் நிற்கவில்லை என்று கேட்பதற்குச் சமம் என்று சிலர் வாதிடலாம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இப்படிப்பட்ட ஒத்துழைப்புக்கு எல்லை உண்டு, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. பனிப்போர் உச்சத்திலேயே சோவியத் விஞ்ஞானிகளோடு சேர்ந்து வேலை செய்த செர்ன், உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தை 2024 நவம்பர் 30 அன்று முடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான ரஷ்ய விஞ்ஞானிகளுக்கு அந்தக் கதவு மூடியது. அது சரியா என்பதில் இயற்பியலாளர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். எழுபது ஆண்டுப் பழைய செர்னுக்கே இந்த நிலையென்றால், செசாமி இதுவரை உடையாமல் இருப்பதை இயல்பான விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அது உடையாமல் இருப்பதற்குக் காரணமாக எனக்குப் படுவது இதுதான். செசாமியில் யாரும் யாரையும் நேசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வரலாற்றைப் பற்றி ஒருமித்த கருத்துக்கு வர வேண்டியதில்லை. இந்த நாடுகளில் பெரும்பாலானவற்றால் தனியாக வாங்க முடியாத, வாங்கினாலும் முழுதாகப் பயன்படுத்த முடியாத ஒரு கருவி அங்கே இருக்கிறது. விலகினால் இழப்பு விலகுபவருக்கே. அந்த இழப்பை உணரும் விஞ்ஞானிகள் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறார்கள். அரசுகள் கோபத்தில் முடிவெடுக்கும் வேளையில் தங்கள் அமைச்சகத்தின் கதவைத் தட்டி, வேண்டாம் என்று சொல்ல அவர்கள் போதும். 2019இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அறிவியல் ராஜதந்திரத்துக்கான விருதை ஷாப்பர், ரபினோவிச்சி, சயர்ஸ், ஜோர்டானின் காலித் தூகான், பிரிட்டனின் கிறிஸ் லெவலின் ஸ்மித் ஆகிய ஐவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு ஜெர்மானியர், ஒரு இஸ்ரேலியர், ஒரு துருக்கியர், ஒரு ஜோர்டானியர், ஒரு ஆங்கிலேயர்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். பாகிஸ்தான் 2015இலும் இந்தியா 2017இலும் செர்னின் இணை உறுப்பினர்களாயின. இரு நாட்டு இயற்பியலாளர்களும் ஜெனீவாவில் ஒரே உணர்கருவிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறார்கள். தெற்காசியாவிலோ, எல்லா நாடுகளும் உறுப்பினராகச் சேர்ந்து ஆட்சிமன்றம் அமைத்து நடத்தும் முடுக்கி ஆய்வகம் ஒன்றுகூட இல்லை. பருவமழை, இமயப் பனியாறுகள், ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீர், காசநோய் என்று நம் கேள்விகள் எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. அந்த ஆர்செனிக் நீர்ப்படுகையில் எந்த வேதிவடிவில் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லக்கூடியது இதே சின்க்ரோட்ரான் ஒளிதான். வளையம் கட்டத் தெரிந்த பொறியாளர்கள் இந்தோரில் இருக்கிறார்கள். கேள்விகளோடு காத்திருக்கும் மாணவர்கள் சென்னையிலும் டாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் லாகூரிலும் காத்மாண்டுவிலும் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறை இந்திய சின்க்ரோட்ரான் பற்றிய பேச்சு எழும்போது, அதைத் தெற்காசியாவின் பொது ஆய்வகமாக, எல்லோருக்கும் வாக்குள்ள ஆட்சிமன்றத்தோடு கட்ட வேண்டும் என்று நம் விஞ்ஞானிகளும் அறிவியல் இயக்கங்களும் இப்போதே கேட்க வேண்டும். ஈரானும் இஸ்ரேலும் ஒரே மேசையில் உட்கார முடிந்திருக்கும்போது, நம்மால் முடியாது என்று சொல்ல நமக்கு ஒரு காரணமும் இல்லை.